காலாவதியான சட்டங்களை ரத்து செய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

“யாரும் பயன்படுத்தாத சட்டம்தானே, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்” என்று சட்டம் படித்தவர்களே சொல்வதுண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் அப்படிக் கிடந்த ஒன்று என்ன செய்தது என்று பாருங்கள். கருக்கலைப்புக்கு ஏறக்குறைய முழுத் தடை விதித்த 1864ஆம் ஆண்டுச் சட்டம் அது. அரிசோனா ஒரு மாநிலமாக ஆனதே 1912இல்தான். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் அது செயலிழந்தது, ஆனால் ஏட்டிலிருந்து யாரும் அதை எடுக்கவில்லை. 2022இல் அந்தத் தீர்ப்பே போய்விட்டது. 2024 ஏப்ரல் 9 அன்று, 1864 சட்டத்தை அமல்படுத்தலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம்தான் அவசரமாக ரத்து மசோதா வந்து, மே 2 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். கருக்கலைப்பைப் பற்றி உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும் சரி, 160 ஆண்டுப் பழைய வாசகம் இன்றைய மக்களை ஆள வேண்டுமா என்பதை அவர்களுடைய பிரதிநிதிகள் நிதானமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்க வேண்டும்; அதற்கு ஐம்பது ஆண்டுகள் இருந்தன.

இது புதிய கதையும் அல்ல. இங்கிலாந்தில் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையான ஏப்ரஹாம் தோர்ன்டன் என்பவர் மீது, இறந்த பெண்ணின் அண்ணன் மறுபடியும் வழக்குப் போட்டார். தோர்ன்டன் நீதிமன்றத்தில் கையுறையைக் கழற்றிப் போட்டு, “என்னோடு சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்” என்று சவால் விட்டார். பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்தச் ‘சண்டை வழி விசாரணை’ உரிமையை யாரும் முறைப்படி நீக்கியிருக்கவில்லை. 1818இல் நீதிபதிகள் வேறு வழியில்லாமல் அந்த உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அதை ஒழித்தது.

ஆகவே வேலை தேவையானது. ஆனால் சட்டத்தை ரத்து செய்வது சட்டம் எழுதுவதைவிட எளிது என்று நினைத்து இறங்குபவர்கள்தான் பெரிய சேதத்தை உண்டாக்குகிறார்கள். ஒரு சட்டத்துக்கு எத்தனை வயது என்பது கிட்டத்தட்ட ஒரு பொருட்டே அல்ல. இன்றைக்கு அதன் மேல் என்னென்ன நிற்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். நீங்கள் ஒரு துறையின் அதிகாரியாக இருக்கலாம், சட்டமன்ற உறுப்பினருக்கு உதவுபவராக இருக்கலாம், சட்ட மாணவராகவோ ஏதாவது ஒரு சட்டத்தால் அவதிப்படும் அமைப்பைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். கீழே சொல்லும் வரிசை எல்லோருக்கும் பொருந்தும்.

முதல் படி: என்ன இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பல நாடுகளில் அமலில் உள்ள சட்டங்களின் முழுப் பட்டியல் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. ஆட்சி மாறிய நாடுகளில் சிக்கல் இன்னும் அதிகம். இந்திய அரசமைப்பின் 372ஆவது உறுப்பு, அரசமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் மாற்றப்படும் வரை அல்லது நீக்கப்படும் வரை தொடரும் என்கிறது. அயர்லாந்து தனி நாடான பிறகும் லண்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் அங்கே அப்படியே தொடர்ந்தன.

அரசிதழ்களையும் ஆண்டுவாரிச் சட்டத் தொகுதிகளையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஆண்டு, எண், பெயர், எந்தப் பகுதிக்குப் பொருந்தும், எப்போது அமலுக்கு வந்தது, யார் திருத்தினார்கள், பகுதியாக ஏதாவது ஏற்கெனவே ரத்தாகியிருக்கிறதா என்று ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். இணையத் தரவுத்தளத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதில் இல்லாததாலேயே ஒரு சட்டம் செத்துவிட்டதாக ஆகாது, அதில் இருப்பதாலேயே உயிரோடு இருக்கிறது என்றும் ஆகாது.

அப்படியே நகல்களையும் தேடுங்கள். கூட்டாட்சி நாடுகளில் இது முக்கியம். 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டம், ஆங்கிலேய அரசு தன்னை விமர்சிக்கும் நாடகங்களைத் தடுக்கக் கொண்டுவந்தது. இந்திய நாடாளுமன்றம் 2017இல் நிறைவேற்றிய ரத்து மசோதாவில் அது போனது. ஆனால் அதே சாயலில் மாநிலங்கள் தனியாக இயற்றியவை மத்தியில் ரத்தானதால் போய்விடாது. அன்றைய சென்னை மாநிலம் 1954இல் இயற்றிய நாடகச் சட்டம் தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்து, 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன பிறகே ஓய்ந்தது.

இரண்டாம் படி: ரகம் பிரியுங்கள்

பட்டியல் கையில் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள். வேலை முடிந்துபோன சட்டங்கள் ஒரு ரகம்: குறிப்பிட்ட ஆண்டின் செலவுக்கு அனுமதி தந்தவை, இன்னொரு சட்டத்தில் சில வரிகளை மாற்றிவிட்டு ஓய்ந்துபோன திருத்தச் சட்டங்கள். புதிய சட்டம் வந்து அதே இடத்தைப் பிடித்துக்கொண்டதால் பயனற்றுப் போனவை இன்னொரு ரகம். சட்டம் பேசும் பொருளே உலகத்தில் இல்லாமல் போனவையும் உண்டு. பிரிட்டன் 2013இல் நிறைவேற்றிய ரத்துச் சட்டத்தில், ஆங்கிலேயர் கால இந்தியாவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் இயங்கிய ரயில்வே கம்பெனிகள் பற்றிய 38 சட்டங்கள் இருந்தன. கம்பெனிகளும் இல்லை, அந்த ஆட்சியும் இல்லை, சட்டங்கள் மட்டும் லண்டன் ஏட்டில் இருந்தன. கடைசியாக, நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன பிறகும் வாசகமாக எஞ்சியிருப்பவை. அரிசோனா விவகாரம் இந்த ரகத்துக்கு நெருங்கிய உறவு, ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதில் சேராத ஐந்தாவது ரகம் ஒன்று இருக்கிறது, அதில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள்: பழையது, ஆனால் வேலை செய்கிறது. இங்கிலாந்தில் 1267ஆம் ஆண்டு மார்ல்பரோ சட்டத்தின் சில பகுதிகள் இன்னும் அமலில் இருக்கின்றன. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் 1297 வடிவத்தில் சில பிரிவுகள் இன்றும் சட்டம்தான். வயதைப் பார்த்துக் கத்தரித்தால் இவையும் போயிருக்கும்.

பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நீக்குவதும் அதே தப்பு. “சந்தேகத்துக்கிடமான சூழலில் சால்மன் மீனைக் கையாளுவது குற்றம்” என்று 1986ஆம் ஆண்டு பிரிட்டன் சட்டம் ஒன்று சொல்கிறது. ‘விசித்திரச் சட்டங்கள்’ என்று சுற்றும் பட்டியல்களில் இது தவறாமல் வரும். உண்மையில் அது திருட்டுத்தனமாகப் பிடித்த மீனை வாங்கி விற்பவர்களைப் பிடிக்க வைத்திருக்கும் பிரிவு, நல்ல பயனுள்ள பிரிவு. அந்த மாதிரிப் பட்டியல்களில் பாதிக்கு ஆதாரமே கிடையாது. நாடாளுமன்றத்துக்குள் செத்துப்போவது சட்டவிரோதம் என்பது போன்ற கதைகளை எல்லாம் எடுத்துச் சரிபார்த்து, எது உண்மை எது கட்டுக்கதை என்று இங்கிலாந்துச் சட்ட ஆணையமே ஓர் ஆவணம் வெளியிட வேண்டியிருந்தது. மூலத்தைப் படிக்காமல் எந்தச் சட்டத்தையும் உங்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

எதை முதலில் எடுப்பது? என் கருத்து இதுதான்: தண்டனை தரும் பிரிவும், உரிமம் கேட்கும் பிரிவும் முதலில். எண்ணிக்கையைக் காட்டி அறிக்கை விட ஆசைப்பட்டால் முடிந்துபோன சட்டங்களை மூட்டை மூட்டையாக ரத்து செய்யலாம். இந்தியாவில் 2014க்குப் பிறகு ரத்தான 1,500க்கும் மேற்பட்ட மத்தியச் சட்டங்களில் 750க்கும் மேற்பட்டவை பழைய நிதி ஒதுக்கச் சட்டங்கள். அவற்றை நீக்கியது சரிதான், ஏடு மெலிந்தது. ஆனால் அந்த ஒதுக்கச் சட்டங்களால் எந்தக் குடிமகனும் காவல் நிலையம் போகவில்லை. ஒரு சிறு வியாபாரியை மிரட்டப் பயன்படும் ஒரே ஒரு பழைய பிரிவை நீக்குவது அந்த மொத்த மூட்டையையும்விட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மூன்றாம் படி: அதன் மேல் நிற்பவற்றைத் தேடுங்கள்

இங்கேதான் நேரம் முழுவதையும் செலவிட வேண்டும். வீட்டில் சுவரை இடிக்கும் முன் அது பாரம் தாங்குகிறதா என்று பார்ப்பீர்கள் இல்லையா, அதே வேலை.

வர்ஜீனியா மாநிலத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக்கூடாது என்ற வகைப் பழைய சட்டங்கள் அங்கே இருந்தன, நடைமுறையில் அவை எப்போதோ போய்விட்டன. 2004இல் மாநிலச் சட்டமன்றம் அந்தப் பிரிவுகளை ஏட்டிலிருந்து எடுத்தது. யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் வேறோர் இடத்தில், தொழிலாளர் சட்டத்தில், வார ஓய்வு நாளாக ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கும் உரிமை தொழிலாளருக்கு உண்டு என்று ஒரு பழைய பிரிவு இருந்தது. மருத்துவமனை, ஹோட்டல், தொழிற்சாலை என்று பெரும்பாலான தொழில்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்குப் பட்டியல் எங்கே இருந்தது? நீக்கப்பட்ட பிரிவுகளுக்குள். விலக்கு போனது, உரிமை நின்றது. 2004 ஜூலை 1 முதல் மாநிலத்தின் ஏறக்குறைய எல்லா முதலாளிகளும் வார இறுதியில் வேலை வாங்கினால் சிக்கலில் மாட்டலாம் என்ற நிலை. சில நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கு ஓடித் தற்காலிகத் தடை வாங்கின, ஜூலை 13 அன்று சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அதைச் சரிசெய்தது. தொழிலாளருக்கு வார ஓய்வு உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் அது யாரும் கவனிக்காமல் நடக்கிற விஷயமாக இருக்கக்கூடாது.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு சட்டத்துக்கும் தனிக் கோப்பு திறந்து, பின்வருவனவற்றைத் தேடுங்கள். சட்டத்தின் பெயரை எல்லாச் சட்டங்களிலும் தேடுங்கள்; பெயரோடு நிறுத்தாமல் ஆண்டும் எண்ணும் சேர்ந்த வடிவத்தில், பழைய பெயரில், எழுத்து மாறிய வடிவங்களில் எல்லாம் தேடுங்கள், ஏனென்றால் பல சட்டங்களில் “1879ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம்” என்று மட்டும்தான் இருக்கும். வேறு சட்டம் எதுவும் இதிலிருந்து வரையறையைக் கடன் வாங்கியிருக்கிறதா? “இந்தச் சொல்லுக்கு இன்ன சட்டத்தில் உள்ள பொருளே பொருள்” என்ற ஒற்றை வரி, செத்துப்போனதாகத் தெரியும் சட்டத்தை உயிரோடு பிடித்துவைத்திருக்கும். அதன் கீழ் போட்ட விதிகள், அறிவிக்கைகள், துணைவிதிகள் என்ன ஆயின? தாய்ச் சட்டம் யாருக்கும் நினைவில்லை, ஆனால் அதன் கீழ் வந்த கட்டண அறிவிக்கையை வைத்து ஓர் அலுவலகம் இன்றும் பணம் வசூலித்துக்கொண்டிருக்கும். இது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது.

அப்புறம் சட்டத்துக்கு வெளியே போங்கள். அதன்படி அமைந்த அறக்கட்டளை, வாரியம், ஓய்வூதியம் பெறுபவர், நிலத்தின் மீதான உரிமை, ஒரு பாலத்தைப் பராமரிக்க வேண்டிய கடமை, நிலுவையில் உள்ள வழக்கு. உள்ளூர் மற்றும் தனியார் சட்டங்களில் இது மிக அதிகம். கம்பெனி கலைந்து நூறு வருடம் ஆகியிருக்கும், அது ரயில் பாதைக்கு நிலம் எடுத்தபோது பக்கத்து விவசாயிக்குக் கொடுத்த வழி உரிமையை அவருடைய வாரிசுகள் இன்றும் அனுபவித்துக்கொண்டிருக்கலாம்.

நான்காம் படி: கேளுங்கள்

மேசையில் உட்கார்ந்து தேடினால் எல்லாமே கிடைத்துவிடாது. தேடியதை ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி (எதற்காக வந்தது, ஏன் இப்போது தேவையில்லை, எதை எல்லாம் சரிபார்த்தோம்) பொதுவெளியில் வையுங்கள். வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். யாருக்குத் தெரிந்திருக்குமோ அவர்களுக்கு நேராக எழுதுங்கள்: சம்பந்தப்பட்ட துறை, உள்ளாட்சி அமைப்பு, வழக்கறிஞர் சங்கம், தொழிற்சங்கம், ஆவணக் காப்பகம், அந்த ஊர் வரலாற்றைத் தோண்டும் ஆட்கள். துறைகள் “ஆட்சேபணை இல்லை” என்று ஒரு வரியில் பதில் போடும். அதை ஏற்காமல், யார் பார்த்தார்கள், எந்தக் கோப்பைப் பார்த்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். கீழ்நிலை அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டை நிரப்புகிற எழுத்தருக்குத் தெரிந்தது செயலாளருக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: வழியைத் தேர்ந்தெடுங்கள்

பொதுவாக இரண்டு வழிகள். நீக்க வேண்டியதை ஒவ்வொன்றாக அட்டவணையில் எழுதுவது ஒன்று. பிரிட்டன் 1965இல் சட்ட ஆணையத்தை அமைத்தபோதே, வழக்கொழிந்த சட்டங்களை நீக்கப் பரிந்துரைப்பதையும் அதன் கடமையாக எழுதியது. அதன் பலனாக 1969 முதல் வரிசையாக வந்த ரத்துச் சட்டங்களால் 3,000க்கும் மேற்பட்ட சட்டங்கள் முழுமையாக நீங்கின.

இன்னொன்று தலைகீழ் வழி: வைத்துக்கொள்ள வேண்டியதை எழுதிவிட்டு, மீதி எல்லாம் ரத்து என்பது. அயர்லாந்து 2007இல் இதைச் செய்தது. 1922 டிசம்பர் 6க்கு முந்தைய பொதுச் சட்டங்களில் வைத்துக்கொள்ளும் 1,364ஐப் பட்டியலிட்டது. 3,225 சட்டங்கள் ரத்தாயின. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆராய்ந்து பார்த்திருந்தார்கள் என்பதால்தான் அது நடந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகு, அங்கிருந்து வந்த சட்டங்களில் காப்பாற்றப்படாதவை 2023 இறுதியில் தானாகவே காலாவதியாகும் என்று மசோதா கொண்டுவந்தது. மொத்தம் எத்தனை இருக்கின்றன என்ற கணக்கே கூடிக்கொண்டு போனது. கடைசியில் 2023 மே மாதம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஏறக்குறைய 600ஐ மட்டும் பெயர் சொல்லி நீக்கும் அட்டவணைக்குத் திரும்பினார்கள். முதல் படியை முடிக்காதவர்கள் தலைகீழ் வழியைத் தொடவே வேண்டாம்.

ஆறாம் படி: மசோதா எழுதுங்கள்

அட்டவணை எளிது. ஆண்டு, எண், சட்டத்தின் பெயர், எந்த அளவுக்கு ரத்து. உதாரணமாக, விலங்குகள் இழுக்கும் வாடகை வண்டிகளுக்காக இந்தியாவில் வந்து, 2019இல் ரத்தான சட்டத்துக்கு: “1879 | 14 | ஹாக்னி வண்டிச் சட்டம் | முழுவதும்”. சட்ட எண்ணிலோ, கடைசிப் பத்தியில் எழுதும் பிரிவு எண்ணிலோ ஒரு இலக்கம் மாறினால் வேறு சட்டமோ வேறு பிரிவோ போய்விடும், ஆகவே எழுதியவர் அல்லாத ஒருவர் மூல அரசிதழை வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும்.

கடினமானது காப்புப் பிரிவு. நல்ல காப்புப் பிரிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: “இந்த ரத்து, அதற்கு முன் அந்தச் சட்டங்களின்படி செய்யப்பட்ட எதையும், ஒருவர் பெற்ற உரிமையையும், அவர்மேல் ஏற்பட்ட கடமையையும், விதிக்கப்பட்ட தண்டனையையும், நடந்துகொண்டிருக்கும் வழக்கையும் பாதிக்காது.” பல நாடுகளில் இதைப் பொதுச் சட்டமே பார்த்துக்கொள்கிறது, இந்தியாவில் 1897ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 6ஆவது பிரிவு, பிரிட்டனில் 1978ஆம் ஆண்டு பொருள்கோள் சட்டம். இருந்தாலும் உங்கள் சட்டத்துக்குக் குறிப்பாக ஏதாவது தேவையா என்று பாருங்கள், ஏனென்றால் பொது விதி பழைய உரிமையைக் காப்பாற்றும், வர்ஜீனியாவில் போனது போன்ற விலக்குப் பட்டியலைக் காப்பாற்றாது. அதற்கு அந்தப் பட்டியலை உயிரோடு இருக்கும் சட்டத்துக்குள் நகர்த்தி எழுதியே ஆக வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள் வரும். ‘அ’ சட்டத்தை ‘ஆ’ சட்டம் ரத்து செய்தது, இப்போது ‘ஆ’வை ரத்து செய்தால் ‘அ’ எழுந்து வருமா? வராது என்பதுதான் இன்று பொதுவான விதி. தெளிவாகச் சொன்னால் மட்டுமே பழையது திரும்பும். திருத்தச் சட்டத்தை ரத்து செய்தால் அது செய்த திருத்தமும் போய்விடுமா? அதுவும் போகாது, இந்தியாவில் இதற்கென்றே அதே பொது உட்பிரிவுகள் சட்டத்தில் 6அ பிரிவு இருக்கிறது. உங்கள் நாட்டில் இப்படிப் பொது விதி இல்லையென்றால் மசோதாவிலேயே எழுதிவிடுங்கள். அமலுக்கு வரும் தேதியையும் அலுவலகங்கள் தயாராக அவகாசம் கொடுத்து வையுங்கள்.

ஏழாம் படி: நிறைவேற்றுங்கள், நேர்மையாக

சுத்தம் செய்யும் மசோதாவை யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை, விவாதமும் பெரிதாக நடப்பதில்லை. அதனால்தான் அதற்குள் கொள்கை மாற்றத்தை ஒளித்துவைக்கும் சபலம் எழும். தொழிலாளர் நலப் பிரிவு ஒன்று, சுற்றுச்சூழல் கட்டுப்பாடு ஒன்று, “காலாவதி” என்ற முத்திரையோடு அட்டவணையின் 43ஆவது வரிசையில் போய் உட்காரும். இதைச் செய்யாதீர்கள், யார் செய்தாலும் விடாதீர்கள். ஓர் எளிய சோதனை போதும்: இந்தச் சட்டம் போவதால் எனக்கு நஷ்டம் என்று உண்மையாகச் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தாலும், அது இந்த மசோதாவில் இருக்கக்கூடாது. தனி மசோதாவாகக் கொண்டுவந்து வெளிப்படையாக விவாதிக்கட்டும். ஒரு வரிசை மீது தகராறு வந்தால் பிடிவாதம் பிடிக்காமல் அதை எடுத்துவிட்டு மீதியை நிறைவேற்றுங்கள்.

எட்டாம் படி: நீக்கியதை நிஜமாகவே நீக்குங்கள்

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66அ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலையில், அதே நீதிமன்றத்தின் முன் தெரிந்தது என்னவென்றால், அந்தப் பிரிவின் கீழ் காவல் நிலையங்கள் இன்னும் வழக்குப் பதிந்துகொண்டிருந்தன. நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள், உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அது நாடாளுமன்றம் செய்த ரத்து அல்ல, நீதிமன்றத் தீர்ப்பு; ஆனால் பாடம் ஒன்றுதான். செல்லாத பிரிவுக்காக ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு இரவு லாக்கப்பில் இருந்தாலும் அது மன்னிக்க முடியாதது.

அரசிதழில் வந்த அன்றே இணையத் தரவுத்தளத்தில் ‘ரத்து’ என்று தேதியோடு குறிப்பு ஏற வேண்டும். பழைய வாசகத்தை அழிக்காமல் பழைய வழக்குகளுக்காகக் காப்பகமாக வைக்க வேண்டும். வழக்குப் பதியும் மென்பொருளின் பிரிவுப் பட்டியல், காவலர் பயிற்சிக் கையேடு, விண்ணப்பப் படிவங்கள், அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் கட்டண அட்டவணை, சட்டப் பதிப்பாளர்கள் போடும் கையடக்கப் புத்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது நேரில் போய், படிவம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, இனி எழுதும் சட்டங்களுக்கு

குப்பை சேரும் வேகத்தைக் குறைப்பது எளிதுதான். திருத்தச் சட்டம் தன் வேலை முடிந்த மறுநாளே தானாக ரத்தாகும் என்று ஒரு பொது விதி போட்டால் பாதிச் சுமை போய்விடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அப்படி உண்டு. அந்த நாட்டின் மத்திய அரசு பிறப்பிக்கும் விதிகளும் ஆணைகளும் பொதுவாகப் பதிவாகி ஏறக்குறைய 10 ஆண்டுகளில் காலாவதியாகின்றன, தொடர வேண்டுமென்றால் துறை மறுபடி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். அவசரக் காலத்துக்கென்று வரும் சட்டங்களுக்கு முடிவுத் தேதி இல்லாமல் ஒப்புதல் தரவே கூடாது. மற்ற சட்டங்களில், எத்தனை ஆண்டு கழித்து எந்தக் குழு இதை மறுஆய்வு செய்து அவையில் அறிக்கை வைக்க வேண்டும் என்பதை ஒரு பிரிவாக எழுதுங்கள், குழுவின் பெயரோடு, ஆண்டோடு. “உரிய காலத்தில் ஆய்வு செய்யப்படும்” என்று எழுதினால் அந்த ஆய்வு நடக்காது.